மாமிக்காக வெட்டிய கதவு



காரைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். கார் என்றால் ஆண்களின் விஷயம், நமக்கெதற்கு என்று நானும் பல வருடம் நினைத்திருந்தவள்தான். ஆனால் எங்கள் வீட்டு முற்றத்தில் நின்ற ஒரு காரின் பக்கச் சுவரை வெட்டிக் கதவு வைத்த இந்தக் கதையில் முக்கால் பங்கு தையலும், குசினியும், வயதான ஒருவரைப் பராமரிப்பதும்தான். எனவே இது உங்களுக்கான கதையும்தான்!

நாங்கள் இருப்பது யாழ்ப்பாணக் குடாநாட்டில், வடமராட்சியைச் சேர்ந்த கரவெட்டியில். என் கணவரின் தொழில் படகு திருத்துவது. பருத்தித்துறை, வல்வெட்டித்துறைக் கரைகளில் கல்லில் உரசி அடி பிளந்த பைபர் படகுகளை ஒட்டிச் சரிப்படுத்திக் கொடுப்பார். வீட்டுக்குப் பின்னால் பனைகளுக்கு நடுவே ஒரு கிடுகுக் கொட்டில். அதுதான் அவருடைய பட்டறை. நான் வீட்டிலிருந்தபடியே சட்டையும் பிளவுசும் தைத்துக் கொடுக்கிறேன்.

2019ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் மாமிக்குப் பாரிசவாதம் வந்தது. இறைவன் அருளால் உயிர் தப்பினார். பேச்சும் மெல்ல மெல்லத் திரும்பியது. ஆனால் இடது கையும் இடது காலும் பழைய நிலைக்கு வரவில்லை. மாதம் ஒருமுறை மந்திகை ஆதார வைத்தியசாலைக்குக் கிளினிக் கூட்டிப் போக வேண்டும். தூரம் அதிகமில்லை. ஆனால் ஏற்றுவதும் இறக்குவதும் இருக்கிறதே, அதுதான் பெரும்பாடு!

ஓட்டோவில் ஏறுவதற்கு ஒரு காலில் நின்று மற்றக் காலைத் தூக்க வேண்டும். மாமியால் அது முடியாது. ஒரு பக்கம் என் கணவரும் மறுபக்கம் ஓட்டோக்காரத் தம்பியும் அக்குளுக்குள் கை கொடுத்துத் தூக்குவார்கள். சேலை விலகும். ஒழுங்கையால் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். உதவி செய்யத்தான் நிற்கிறார்கள் என்றாலும், பார்வை பார்வைதானே! வாழ்நாள் முழுவதும் தலைப்பு நழுவாமல் தெருவில் நடந்த மனுஷி அவர்.

ஒருநாள் கிளினிக்கால் வந்து படுக்கையில் இருந்தபடி, "பிள்ளை, இனி என்னை மந்திகைக்குக் கொண்டு போக வேண்டாம். குளிசையை மட்டும் வாங்கி வாங்கோ" என்றார்.

"ஏன் மாமி?"

"மூட்டை மாதிரித் தூக்குறாங்கள் பிள்ளை."

அவ்வளவுதான் சொன்னார். அதன் பிறகு மூன்று மாதம் அவர் கிளினிக் போகவில்லை. வீட்டுக்கு வந்து இரத்த அழுத்தம் பார்த்த தாதி அந்த எண்ணைச் சொன்னதும் எங்களுக்குக் கை கால் பதறியது. இன்னொரு முறை பாரிசவாதம் வந்தால் என்ன ஆகும் என்று அவர் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? மருந்து குறைந்ததால் வந்த ஆபத்தல்ல அது. வாகனத்தில் ஏற முடியாத வெட்கத்தால் வந்த ஆபத்து!

முற்றத்துக்கு வந்த தொட்டி

ஒரு கார் இருந்தால் நல்லதென்று நினைத்தோம். ஆனால் 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் இலங்கைக்கு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. அதன் பிறகு பழைய கார்களின் விலையைக் கேட்டாலே மயக்கம் வரும். இப்படியிருக்க, 2021இல் என் கணவர் தென்பகுதிக்குப் படகு வேலையாகப் போனவர், ஒரு லொறியில் எதையோ ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். பார்த்தால், நாலு சில்லு பூட்டிய குளிக்கும் தொட்டி!

"என்னங்கோ இது?"

"பகி. பீட்டில் காரின்ர அடித்தளத்தில பைபர் உடம்பு. யாரோ ஆசைக்குச் செய்வித்து, வளவுக்குள்ள வெயிலில விட்டிருந்தவை. மலிவாத் தந்தாங்கள்."

சகோதரிகளே, கிட் கார் என்று ஒன்று உண்டு. தைக்காமல் வெட்டித் துண்டுகளாக வரும் சல்வார்த் துணி போலத்தான். உடம்பைப் பைபரில் செய்து விற்பார்கள். வாங்குகிறவர் ஒரு பழைய காரின் அடித்தளம், என்ஜின், சில்லுகளை எடுத்து, அதன்மேல் இந்த உடம்பைத் தன் வீட்டிலேயே பூட்டிக்கொள்வார். இந்தத் தொட்டி வடிவத்தைப் பிரபலமாக்கியவர் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இருந்த ப்ரூஸ் மேயர்ஸ். 1964ஆம் ஆண்டு, வொக்ஸ்வாகன் பீட்டிலின் பாகங்களை வைத்துக் கடற்கரை மணலில் ஓடும் 'மேயர்ஸ் மான்க்ஸ்' என்ற வண்டியைச் செய்தார். அதன் பிறகு பீட்டில் அடித்தளத்தைக் குறுக்கி அதன்மேல் பூட்டும் உடம்புகளாகவே விற்றார். 2021இல்தான் காலமானார். அவருடைய பழைய தொழில் என்ன தெரியுமா? பைபர் படகு கட்டுவது! இதைக் கேட்டபோது என் கணவரின் முகத்தில் வந்த பெருமையைப் பார்த்திருக்க வேண்டும்.

பைபர் உடம்புள்ள கார் புதினமானதல்ல. 1953இலேயே அமெரிக்காவில் கோர்வெட் கார் பைபர் உடம்போடு வந்துவிட்டது. நமக்குப் பக்கத்தில் பெங்களூரில் சிப்பானி குடும்பத்தாரின் தொழிற்சாலை 'பாதல்' என்ற மூன்று சில்லுக் காரையும், 1982இல் 'டொல்பின்' என்ற சிறிய காரையும் பைபரிலேயே செய்தது. தகரத்தை வளைக்கப் பெரிய அச்சு இயந்திரம் வேண்டும். பைபருக்கு ஓர் அச்சும் தூரிகையும் பொறுமையும் போதும். அதனால்தான் சிறிய பட்டறைகளுக்கு அது தோதானது.

எங்கள் பக்கத்துக்கும் இந்தத் தொழில் பழக்கமானதுதான். மரத்தில் கப்பல் கட்டிய ஊர்கள் இவை. வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல் 1938ஆம் ஆண்டு அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. பிறகு காரைநகரில், 1956இல் நோர்வேக்குப் போன அன்ரனி இராஜேந்திரம் என்பவரின் முயற்சியால் வந்த சீநோர் நிறுவனம் பைபர் படகுகளைக் கட்டியது. உப்புக் காற்றில் தகரம் பொருபொருவென்று போய்விடும். பைபருக்குத் துருவே இல்லை.

எல்லாம் சரி... ஆனால் அந்தத் தொட்டிக்குக் கதவே இல்லை! மணலில் விளையாடும் இளைஞர்கள் பக்கச் சுவரைத் தாண்டிக் குதித்து ஏறுவதற்காகச் செய்த வடிவம் அது. மாமி எப்படித் தாண்டுவார்?

"அதுதானே வேலை. வெட்டிக் கதவு வைப்பம்" என்றார் இவர்.

அளவெடுத்தது யாரை?

2022 எங்கள் நாட்டில் எப்படிப் போனதென்று உங்களுக்குத் தெரியும். பெற்றோலுக்கு நாள் கணக்கில் வரிசை. ரெசினின் விலையோ கைக்கெட்டாத உயரத்தில். தொட்டி கிடுகின் கீழேயே கிடந்தது. 2023 பெப்ரவரியில், மாரி மழை ஓய்ந்து வெயில் பிடித்த பிறகுதான் வேலை தொடங்கியது. ஈரக் காற்றில் ரெசின் சரியாக இறுகாது.

முதல் நாளே எனக்கும் இவருக்கும் வாக்குவாதம்! கரிக்கட்டியால் கதவின் வடிவத்தை உடம்பில் கீறியிருந்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. வண்டியின் வளைவோடு சேர்ந்து போகும் கோடு. அகலம் 21 அங்குலம்.

"மாமியின்ர முழங்கால் இதுக்குள்ளால போகுமே?" என்று கேட்டேன்.

"உமக்கென்ன தெரியும்? இந்த இடத்தில வெட்டினால்தான் உடம்பின்ர வடிவு கெடாது."

எனக்குக் கார் தெரியாது, உண்மைதான். ஆனால் உடுப்புத் தெரியும். துணியை அளந்து சட்டை தைக்கிற தையற்காரி எங்கேயாவது உண்டா? போடுகிறவரை அல்லவா அளக்க வேண்டும்! அளவு நாடாவை எடுத்துக்கொண்டு மாமியிடம் போனேன். உள்ளங்காலிலிருந்து முழங்கால் மடிப்பு வரை 17 அங்குலம். இருந்தபடி முதுகிலிருந்து முழங்கால் நுனி வரை 22. வலது கை நீட்டினால் எட்டும் தூரம், நல்ல காலை எவ்வளவு உயர்த்தலாம் என்பது... எல்லாம் குறித்தேன்.

பிறகு முற்றத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் பலகைமேல் வைத்து, காரின் ஆசன உயரத்துக்குக் கொண்டு வந்தேன். முன்னால் ஒரு பெரிய அட்டைப் பெட்டியை விரித்து, அவர் கீறிய கதவை அதே அளவில் வெட்டி நிறுத்தினேன். மாமியைக் கூட்டி வந்து இருத்திப் பார்த்தோம். மூன்று விஷயம் வெளியே வந்தது.

முதலாவது, ஆசனம் 14 அங்குல உயரத்தில் இருந்தது. முழங்கால் மடிப்பைவிடத் தாழ்வான ஆசனத்தில் விழுவது சுலபம். எழும்புவது வயதானவர்களுக்கு மலையேறுவது போல. 18 அங்குலம் வேண்டும். இரண்டாவது, மாமி ஒரு காலைத் தூக்கி ஏறவே கூடாது. காருக்கு முதுகைக் காட்டி நின்று, முதலில் இருந்துவிட வேண்டும். பிறகு வலது காலை உள்ளே எடுத்து, இடது காலை வலது கையால் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும். அப்படித் திரும்பும்போது அட்டையில் முழங்கால் இடித்தது. 26 அங்குல அகலம் இருந்தால் இடிக்கவில்லை. மூன்றாவது, திரும்பும்போது வலது கை தானாகவே ஒரு பிடியைத் தேடியது. அந்தக் கை போன இடம் முன் கண்ணாடிச் சட்டத்தின் தூண்!

இவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு துணியை எடுத்துக் கரிக்கோட்டை அழித்துவிட்டு, "உம்மட அளவைச் சொல்லும்" என்றார். கல்யாணமான இத்தனை வருடத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான்!

பட்டி வைத்துத் தைத்த கதவு

வெட்டுவதற்கு முன்பு செய்த வேலைதான் அதிகம். தொட்டி போன்ற உடம்புக்குப் பலமே அதன் பக்கச் சுவர். அதை வெட்டினால் நடுவில் தொய்ந்துவிடும். எனவே உடம்பைக் கழற்றி ஒதுக்கி வைத்து, பெற்றோல் தாங்கியையும் எடுத்துவிட்டு, அடித்தளத்தின் ஓரத்தில் முன்னிருந்து பின்வரை இரும்புச் சதுரக் குழாயை ஒட்டுவேலைக்காரரைக் கொண்டு ஒட்டுவித்தார். பிறகு உடம்பைத் திரும்பப் பூட்டி, வெட்டப் போகும் இடத்துக்குக் குறுக்கே மரச் சட்டம் முட்டுக் கொடுத்து, அதன் பிறகே கிரைண்டரைக் கையில் எடுத்தார். ஐந்து நிமிடத்தில் வெட்டி முடிந்தது.

வெட்டிய விளிம்பை நான் தடவிப் பார்த்தேன். சட்டையின் கழுத்தை வெட்டி அப்படியே விட்டால் இழுபட்டு விரிந்துவிடும் அல்லவா? உள்ளே ஒரு பட்டி வைத்து மடித்துத் தைப்போம். பைபருக்கும் அதேதான்! வாசலைச் சுற்றி உள்பக்கமாக நாலு விரல் அகலத்துக்கு மடிப்பு ஒன்று வார்த்தால்தான் விளிம்பு விறைத்து நிற்கும். அந்த வளைவுகளுக்குக் கண்ணாடிநார் விரிப்பை வெட்டிக் கொடுத்தது நான்தான். முதலில் பத்திரிகைத் தாளில் மாதிரி வெட்டி, அதைப் பார்த்து விரிப்பை வெட்டினேன். வளைவு வருமிடத்தில் கத்தரித்து விட்டால் சுருக்கம் விழாமல் படியும். வெட்டியெடுத்த துண்டே கதவின் வெளிப்புறமாயிற்று. உள்ளே இன்னொரு தோல் வார்த்து இரண்டையும் சேர்த்தார். பிணைச்சல் பூட்டும் இடங்களில் பைபருக்குள் இரும்புத் தகடு வைத்தார். பைபர் பரவலான சுமையைத் தாங்கும்; ஒரு புள்ளியில் இழுத்தால் பிய்ந்துவிடும். ஆசனப் பட்டியையும் அதனால்தான் பைபரில் அல்ல, கீழுள்ள இரும்பிலேயே பூட்டினார்.

ஒட்டும் இடத்தில் பழைய நிறப்பூச்சையும் மெழுகையும் உள்ளே நார் தெரியும்வரை உரஞ்ச வேண்டும். அந்தத் தூசி இருக்கிறதே, அப்பப்பா! ஊசி ஊசியாய்க் குத்தும். முதல் நாள் இவருடைய சாரத்தை மற்ற உடுப்புகளோடு தோய்த்துவிட்டேன்; மகளின் பள்ளிச் சட்டைவரை கடித்தது! அன்றிலிருந்து பட்டறை உடுப்புக்குத் தனி வாளி.

ரெசின் கலப்பது சமையல் மாதிரி. ஒரு கிலோ நார் விரிப்புக்கு இரண்டு முதல் இரண்டரைக் கிலோ ரெசின். அதை இறுகச் செய்யும் திரவம் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்குதான். எங்கள் வெயிலுக்கு ஒன்றே போதும். கூடினால் தூரிகையிலேயே இறுகிவிடும். குறைந்தால் நாள் கணக்கில் பிசுபிசுக்கும். கண்மட்டத்தில் ஊற்றிக்கொண்டிருந்த இவருக்குத் தராசு வாங்கிக் கொடுத்தேன். அந்தத் தராசு குசினிக்குள் வரவே கூடாது என்பது சட்டம்!

இங்கேதான் சகோதரிகளே, வீட்டில் ஆண்கள் இப்படி வேலை செய்தால் நீங்கள் கண்டிப்பாக அறிந்திருக்க வேண்டிய விஷயம். அந்த இறுக்கும் திரவம் பார்வைக்குத் தண்ணீர் மாதிரி. ஒருநாள் கொட்டிலுக்குள் போனால், அது ஒரு சோடாப் போத்தலுக்குள் நிற்கிறது! பத்து வயது மகள் ஓடித் திரியும் வீடு. எனக்கு நெஞ்சு திக்கென்றது. குடித்தால் உள்ளே வெந்துவிடும். கண்ணில் ஒரு துளி தெறித்தாலும் பார்வையே போகலாம். தெறித்தால் ஒரு நொடியும் தாமதிக்காமல், குறைந்தது கால் மணி நேரம் தண்ணீர் ஓடவிட்டுக் கழுவி வைத்தியரிடம் ஓட வேண்டும். இன்னொன்று: ரெசினில் சேர்க்கும் ஊதா நிற கோபால்ட் கரைசலையும் இந்தத் திரவத்தையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, வெடித்துத் தீப்பிடிக்கும். அன்று நான் போட்ட சத்தத்தில், அது வந்த கலனிலேயே திரும்பி, பூட்டுப் போட்ட பெட்டிக்குள் போனது.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இருபது வருட அனுபவக்காரர் இவர். ஒரு மதியம் கலந்த ரெசினில் பாதி மிஞ்சியிருக்க, யாரோ கூப்பிட்டார்களென்று ஐஸ்கிறீம் பெட்டியோடு அதைக் கொட்டிலின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார். பரப்பிப் பூசினால் ஆறிவிடும் ரெசின், குவிந்து கிடந்தால் தன் சூட்டிலேயே கொதிக்கும். "அம்மா, புகை!" என்று மகள் கத்தியபோது பெட்டி உருகி வழிந்துகொண்டிருந்தது. ஒரு முழத் தூரத்தில் காய்ந்த கிடுகு. அதற்கப்பால் மாமி படுத்திருக்கும் அறையின் யன்னல்! மண்வெட்டியால் இழுத்து வெட்டைக்குத் தள்ளி, தூர நின்று வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன். அன்றிரவு எங்கள் இருவருக்கும் நித்திரை வரவில்லை. ஏற முடியாத ஒருவருக்காகத் தொடங்கிய வேலை, ஓட முடியாத அதே மனுஷியைத் தீயில் விட்டிருக்குமே! மறுநாளே வேலையைக் கொட்டிலிலிருந்து திறந்த முற்றத்துக்கு மாற்றினோம். மிஞ்சுவதைப் பழைய தகரத்தில் மெல்லியதாகப் பரப்பி வெட்டையில் காயவிடுவது வழக்கமானது. பக்கத்தில் எப்போதும் இரண்டு வாளி மணல்.

முதல் பயணம்

மேலே வெயிலும் மழையும் படாமல் கித்தான் கூரை தைத்தது என் பங்கு. வீட்டுத் தையல் மெஷினில் 18ஆம் இலக்க ஊசி போட்டு, கையால் சில்லைச் சுற்றிச் சுற்றித் தைத்தேன். மூன்று ஊசி உடைந்தது, பரவாயில்லை. வாகனத்தின் அமைப்பை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்து அனுமதி பெற வேண்டும். அந்த அலைச்சலும் முடிந்த பிறகுதான் வண்டி வீதியில் இறங்கியது.

கிளினிக் நாளன்று மாமி படலையடியில் வந்து நின்றார். காரைப் பார்த்தார்; மகனைப் பார்த்தார்; என்னைப் பார்த்தார். "தூக்கப் போறீங்களோ?" என்று கேட்டார்.

"இல்லை மாமி. திரும்பி நில்லுங்கோ. இருங்கோ. அவ்வளவுதான்."

நல்ல கையால் தூணிலிருந்த பிடியைப் பற்றினார். மெல்ல இருந்தார். வலது கால் உள்ளே போனது. இடது காலை முழங்காலுக்குக் கீழே பிடித்துத் தூக்கித் தானே வைத்துக்கொண்டார். யாருடைய கையும் அவர்மேல் படவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துவிட்டு, "கதவைச் சாத்து பிள்ளை, நேரம் போகுது" என்றார், ஏதோ தினமும் போகிறவர் போல! நான் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டேன்.

மந்திகையில் இறங்கும்போது வழக்கம் போல ஆட்கள் நின்று பார்த்தார்கள். ஆனால் இம்முறை அவர்கள் பார்த்தது காரை! மாமியும் அதைக் கவனித்துவிட்டார். "என்ர மகன் செய்தது" என்று ஒருவரிடம் சொன்னார். பிறகு என்னைக் காட்டி, "அளவு இவ எடுத்தது" என்றார்.

அதன் பிறகு ஒரு கிளினிக்கும் தவறவில்லை. அழுத்தமும் கட்டுக்குள் வந்தது.

சகோதரிகளே, உங்கள் எல்லோர் வீட்டிலும் காரை வெட்டச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் வீட்டிலும் ஒரு மாமியோ, உம்மாவோ, வாப்பாவோ கட்டிலிலிருந்து எழும்பச் சிரமப்படலாம். குளியலறைப் படியில் தடுமாறலாம். "எனக்கொன்றும் வேண்டாம்" என்று ஒதுங்கி இருக்கலாம். வேண்டாம் என்பதல்ல அவர்கள் சொல்வது. முடியவில்லை என்பதைச் சொல்ல வெட்கப்படுகிறார்கள். அளவு நாடாவை எடுங்கள். முதலில் அவர்களுடைய முழங்கால் மடிப்பின் உயரத்தை அளந்து, அவர்கள் இருக்கும் கதிரையோடும் கட்டிலோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். தாழ்வாக இருந்தால் காலுக்குக் கீழே நல்ல உறுதியான கட்டை வைத்து உயர்த்துங்கள். எந்தக் கை பிடியைத் தேடுகிறது, எங்கே தேடுகிறது என்று கவனித்து, அந்த இடத்தில் ஒரு பிடியைப் பூட்டச் சொல்லுங்கள்.

"உமக்கென்ன தெரியும்?" என்று யாராவது கேட்டால், அட்டைப் பெட்டி ஒன்றை வெட்டிக் காட்டுங்கள்!